ஒரு பெரிய எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது எப்படி? 80,80,488-ஐ வைத்து ஒரு செய்முறை

ஏழெட்டு இலக்க எண் ஒன்று கையில் இருக்கிறது. அதற்கு எத்தனை வகுத்திகள்? அது மிகை எண்ணா (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டல் எண்ணைவிடப் பெரிது), குறை எண்ணா (சிறிது)? இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எண்ணைப் பகாக்காரணிகளாகச் சரியாகப் பிரித்துவிட்டால், மற்ற எல்லாமே பத்து நிமிடப் பெருக்கல் வேலைதான். பிரித்ததில் ஒரு காரணி பிசகினால் பின்னால் வரும் அத்தனை விடைகளும் பிசகும். அதனால் உழைப்பில் முக்கால் பங்கைக் காரணிப்படுத்தலுக்கும் அதைச் சரிபார்ப்பதற்கும் கொடுங்கள்.

எடுத்துக்காட்டாக 80,80,488-ஐ எடுத்துக்கொள்வோம். தாளும் பேனாவும் போதும்.

சின்னப் பகா எண்களை முதலில் கழற்றுங்கள்

எண்ணின் வர்க்கமூலம் 2842-க்கும் 2843-க்கும் இடையில் இருக்கிறது. அப்படியே வகுத்துப் பார்க்கத் தொடங்கினால் 2842 வரையுள்ள நானூற்றுக்கும் மேற்பட்ட பகா எண்களைச் சோதிக்க வேண்டிவரும். சின்னக் காரணிகளைக் கழற்றக் கழற்ற இந்த எல்லை மளமளவென்று இறங்கும். ஒவ்வொரு காரணி கிடைத்ததும் வர்க்கமூலத்தைப் புதிதாகக் கணக்கிட மறக்காதீர்கள். பலர் பழைய எல்லை வரை வீணாக வகுத்துக்கொண்டே போவார்கள்.

முதலில் 2. கடைசி மூன்று இலக்கம் 488 = 8 × 61. ஆக 8 வகுக்கும். 61 ஒற்றைப்படை என்பதால் 16 வகுக்காது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. 16-க்குக் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்க்க வேண்டும். இங்கே அது 0488. 16-ஆல் வகுத்தால் மீதி 8. ஆகவே 2-இன் அடுக்கு சரியாக 3. வகுத்தால் 10,10,061.

அடுத்து 3. இலக்கங்களின் கூட்டல் 1+0+1+0+0+6+1 = 9. எனவே 9 வகுக்கும், ஈவு 1,12,229. இலக்கக் கூட்டல் சோதனை 3-க்கும் 9-க்கும் மட்டுமே செல்லும், 27-க்குச் செல்லாது. 27 வகுக்குமா என்று தெரிய, 9-ஆல் வகுத்த ஈவை மறுபடி சோதிப்பதே வழி. 1,12,229-இன் இலக்கக் கூட்டல் 17. ஆக 3-இன் அடுக்கு 2-உடன் நிற்கிறது.

5 இல்லை, கடைசி இலக்கமே சொல்கிறது. இனி 7, 11, 13. இந்த மூன்றையும் ஒரே அடியில் சோதிக்கலாம், ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, மாறி மாறிக் கூட்டிக் கழித்தால் வரும் எண்ணை 7, 11, 13 எது வகுக்கிறதோ அது மூல எண்ணையும் வகுக்கும். இங்கேதான் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம்: நாம் காற்புள்ளி வைப்பது லட்சக் கணக்கில், மூன்றுக்கு அப்புறம் இரண்டிரண்டாக. அந்தக் காற்புள்ளிகளை நம்பி வெட்டினால் சோதனை தவறிவிடும். 1,12,229-இல் காற்புள்ளியை நீக்கிவிட்டு 112 | 229 என்று பிரியுங்கள். 229 − 112 = 117 = 9 × 13. 13 வகுக்கிறது, 7-உம் 11-உம் வகுக்கவில்லை. 1,12,229 ÷ 13 = 8633.

13 மறுபடி வருமா என்றும் பார்த்துவிட வேண்டும். 8 | 633 என்று வெட்டினால் 625. அது 5-இன் நான்காம் அடுக்கு. 7, 11, 13 எதற்கும் இடமில்லை.

மிச்சம் நிற்கும் 8633

மிச்சம் நிற்கும் எண்ணை அவசரப்பட்டுப் பகா எண் என்று எழுதிவிடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் ஆகப் பெரிய தவறு. பார்ப்பதற்குப் பகா எண் போலத் தெரிவது சான்றாகாது.

8633-இன் வர்க்கமூலம் 92-க்குச் சற்று மேல். 92 வரை உள்ள பகா எண்கள் மொத்தம் 24. அவற்றில் 2, 3, 5, 7, 11, 13 முடிந்துவிட்டன. மீதி 18-ஐ, 17 தொடங்கி 89 வரை, ஒவ்வொன்றாக வகுக்கலாம். இந்த எண்ணில் விடை கடைசிப் பகா எண்ணான 89-இல்தான் கிடைக்கும். 83-ஆல் வகுத்தால் மீதி 1 வரும்; அந்த இடத்தில் அலுத்துப்போய் நிறுத்துபவர்தான் 8633-ஐப் பகா எண் என்று எழுதுவார்.

குறுக்கு வழி பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மாவுடையது. ஒற்றைப்படை எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால் அது தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடும். 8633-க்கு மேலே இருக்கும் முதல் வர்க்கம் 93² = 8649. வித்தியாசம் 16, அதாவது 4². ஆகவே 8633 = (93 − 4)(93 + 4) = 89 × 97. ஒரே படியில் முடிந்தது.

எப்போதும் இவ்வளவு சுலபமாக அமையாது. இரண்டு காரணிகளும் வர்க்கமூலத்தை ஒட்டி நின்றால்தான் இந்த முறை பாயும். 5045-ஐ இதே வழியில் பிரித்தால் 72-இல் தொடங்கி 507 வரை 436 எண்களைச் சோதித்த பிறகே 5 × 1009 கிடைக்கும். சாதாரண வகுத்தலோ மூன்றாம் பகா எண்ணிலேயே முடித்துவிடும். அதனால் சின்னப் பகா எண்களை முழுக்கக் கழற்றிய பிறகு பத்துப் பதினைந்து படி ஃபெர்மா முறையை ஓட்டிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் வகுத்தலுக்குத் திரும்புங்கள். ஓட்டும்போது வித்தியாசத்தின் கடைசி இலக்கம் 2, 3, 7, 8-இல் ஒன்றாக இருந்தால் வர்க்கமூலம் எடுக்கவே வேண்டாம். எந்த முழு வர்க்கமும் அந்த இலக்கங்களில் முடியாது.

ஆக, 80,80,488 = 2³ × 3² × 13 × 89 × 97.

சரிபார்க்காமல் நகராதீர்கள்

திரும்பப் பெருக்கிப் பார்ப்பது ஒரு வழி. ஆனால் அதே பெருக்கல் பிழையை அதே இடத்தில் மறுபடி செய்ய வாய்ப்புண்டு. மீதிகளை ஒப்பிடுவது மேல். 9-ஆல் வரும் மீதியைப் பார்ப்பது இங்கே அதிகம் உதவாது: காரணிகளில் 3² இருப்பதால் வேறெங்கே தவறினாலும் மீதி 0 என்றே வரும். 11-ஐயும் 7-ஐயும் பயன்படுத்துங்கள்.

மூல எண்ணை மும்மூன்றாக வெட்டினால் 8 | 080 | 488. 488 − 80 + 8 = 416. இதை 11-ஆல் வகுத்தால் மீதி 9, 7-ஆல் வகுத்தால் மீதி 3. இனிக் காரணிகள் பக்கம்: 11-ஆல் வகுக்கையில் 72 தரும் மீதி 6, 13 தருவது 2, 8633 தருவது 9. 6 × 2 × 9 = 108, மீதி 9. பொருந்துகிறது. 7-ஆல் வகுக்கையில் 72 தருவது 2, 13 தருவது 6, 8633 தருவது 2. பெருக்கினால் 24, மீதி 3. அதுவும் பொருந்துகிறது. 416 = 32 × 13 என்பதால் 13 வகுப்பதும் கூடவே உறுதியாகிவிட்டது.

வகுத்திகளும் அவற்றின் கூட்டலும்

வகுத்திகளின் எண்ணிக்கைக்கு ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 4 × 3 × 2 × 2 × 2 = 96.

கூட்டலுக்கு ஒவ்வொரு பகா அடுக்கையும் தனியாக எடுத்து, 1 முதல் அந்த அடுக்கு வரை கூட்டிப் பெருக்க வேண்டும். 2³-க்கு 1+2+4+8 = 15. 3²-க்கு 1+3+9 = 13. மற்றவை 14, 90, 98. பெருக்கினால் 2,40,78,600. வழக்கமாக நேரும் பிழை, 2³-க்கு (2+1)³ = 27 என்று எழுதுவது. அடுக்கு 1 ஆக இருக்கும் பகா எண்களுக்கு மட்டுமே “பகா எண் கூட்டல் 1” என்ற சுருக்கம் செல்லும்.

மொத்தக் கூட்டலிலிருந்து எண்ணையே கழித்தால் 1,59,98,112. இது 80,80,488-ஐ விடப் பெரியது, ஆகவே மிகை எண். உபரி 79,17,624. மொத்தக் கூட்டலை எண்ணால் வகுத்தால் ஏறத்தாழ 2.98. மூன்றுக்கு மிக அருகில் இருந்தாலும் மூன்று இல்லை என்பதால் மும்மடங்கு நிறைவெண் வகையில் சேராது.

உண்மையில் மிகை எண் என்பதைக் கணக்குப் போடாமலே சொல்லியிருக்கலாம். 6-க்கு மேற்பட்ட 6-இன் மடங்குகள் எல்லாமே மிகை எண்கள்தாம், ஏனென்றால் எண்ணின் பாதி, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று மூன்றும் சேர்ந்தாலே எண் வந்துவிடுகிறது. 1 அதற்கு மேல் மிச்சம். இங்கே 40,40,244 + 26,93,496 + 13,46,748 = 80,80,488. தன் வகுத்திகளில் சிலவற்றைக் கூட்டித் தன்னையே பெற முடிவதால் இது அரை நிறைவெண்ணும்கூட. நிறைவெண்ணாக (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டல் சரியாக எண்ணுக்கே சமம்) இருக்க வாய்ப்பே இல்லை: 8128-க்கு அடுத்த நிறைவெண் 3,35,50,336.

96 வகுத்திகள் என்பது அதிகமா? எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. 96 வகுத்திகள் உள்ள மிகச் சிறிய எண் 27,720. அதன் காரணிகள் 2³ × 3² × 5 × 7 × 11. நம் எண்ணின் அதே அடுக்கு அமைப்பு, பகா எண்கள் மட்டும் சின்னவை. தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களை ராமானுஜன் 1915-இல் விரிவாக ஆராய்ந்தார். அந்தப் பட்டியலில் 80,80,488-க்குக் கீழே கடைசியாக நிற்பது 72,07,200. அதற்கு 432 வகுத்திகள். அந்த வரிசையில் நம் எண்ணுக்கு இடமில்லை.

ஃபை சார்பும், தசமத்தில் அதன் தடமும்

தன்னோடு பொதுக் காரணி இல்லாத சிறிய எண்களின் எண்ணிக்கையே ஆய்லரின் ஃபை. 2³-க்கு 8 − 4 = 4, 3²-க்கு 9 − 3 = 6, மற்றவற்றுக்கு 12, 88, 96. பெருக்கினால் 24,33,024.

கார்மைக்கேல் சார்புக்கு இவற்றைப் பெருக்காமல் மீச்சிறு பொது மடங்கு எடுக்க வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு: 8, 16, 32 போன்ற 2-இன் அடுக்குகளுக்கு ஃபையில் பாதிதான், அதாவது 8-க்கு 4 அல்ல, 2. ஆக 2, 6, 12, 88, 96-இன் மீச்சிறு பொது மடங்கு 1056. நம் எண்ணோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை 1056-ஆம் அடுக்குக்கு உயர்த்தினாலும், 80,80,488-ஆல் வகுத்தால் மீதி 1. ஃபையோடு ஒப்பிடுங்கள்: இருபத்து நான்கு லட்சம் எங்கே, 1056 எங்கே.

இதே எண் தசமத்திலும் எட்டிப் பார்க்கிறது. 1 ÷ 80,80,488-இன் தசம விரிவில் 2³ காரணமாக முதல் மூன்று இலக்கங்கள் சுழற்சியில் சேராது. பிறகு 9, 13, 89, 97 தனித்தனியே தரும் சுழற்சி நீளங்கள் 1, 6, 44, 96. அவற்றின் மீச்சிறு பொது மடங்கு 1056. நான்காம் இலக்கத்திலிருந்து 1056 இலக்கத்துக்கு ஒருமுறை அப்படியே திரும்பிவரும்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டல்

இதுதான் இந்த எண்ணின் ஆக அழகான பகுதி. விதி இது: 4-ஆல் வகுக்க மீதி 3 தரும் பகா எண்கள் எல்லாம் இரட்டை அடுக்கில் இருந்தால்தான் ஓர் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியும். நம் எண்ணில் அப்படிப்பட்டது 3 மட்டும், அதன் அடுக்கு 2. ஆகவே முடியும். 13, 89, 97 மூன்றும் மீதி 1 தருபவை. ஒவ்வொன்றும் வழிகளை இரட்டிப்பாக்குகிறது. வரிசையையும் குறியையும் கணக்கில் கொள்ளாவிட்டால் மொத்தம் 4 வழிகள்.

அவற்றை எடுப்பது எப்படி? ஒவ்வொரு பகா எண்ணையும் முதலில் உடையுங்கள்: 13 = 2² + 3², 89 = 5² + 8², 97 = 4² + 9². (அ, ஆ), (இ, ஈ) என்ற இரண்டு சோடிகளைச் சேர்க்க, அஇ + ஆஈ ஒரு பக்கம், அஈ − ஆஇ மறுபக்கம். கூட்டலையும் கழித்தலையும் இடம் மாற்றினால் இரண்டாவது சோடி. (2, 3)-ஐயும் (5, 8)-ஐயும் சேர்த்தால் (34, 1), (31, 14). சரிபார்க்க: 34² + 1² = 1157 = 13 × 89, 31² + 14²-உம் அதுவே. இவற்றை (9, 4)-உடன் சேர்த்தால் 1,12,229-க்கு (310, 127), (302, 145), (335, 2), (250, 223) என்று நான்கு கிடைக்கும்.

மிச்சம் 72 = 6² + 6². ஆகவே ஒவ்வொரு சோடியின் கூட்டலையும் வித்தியாசத்தையும் 6-ஆல் பெருக்கினால் போதும்:

2022² + 1998²
2622² + 1098²
2682² + 942²
2838² + 162²

நான்குமே 80,80,488. முதலாவதைப் பெருக்கிப் பாருங்கள்: 40,88,484 + 39,92,004.

வர்க்க வித்தியாசமாக எழுதுவது இதைவிட எளிது. 4 வகுப்பதால், எண்ணின் நான்கில் ஒரு பங்கான 20,20,122-இன் 48 வகுத்திகளைச் சோடி சேர்த்தால் 24 வழிகள் வரும்.

மற்ற வகைகள், வேகமாக

முழு வர்க்கம் அல்ல, 8-இல் முடிகிறது. முக்கோண எண் (1+2+3+… எனக் கூட்டி வருவது) அல்ல: அப்படியானால் 8-ஆல் பெருக்கி 1 கூட்டும்போது முழு வர்க்கம் வர வேண்டும்; இங்கே வருவது 6,46,43,905, 5-இல் முடியும் வர்க்கங்கள் 25-இல்தான் முடியும், இது 05. வர்க்கக் காரணி இருப்பதால் மோபியஸ் சார்பின் மதிப்பு 0 (எந்தப் பகா எண்ணும் திரும்ப வராவிட்டால்தான் அது 1 அல்லது −1 ஆகும்). வெவ்வேறு பகாக்காரணிகள் 5, திரும்ப வருவதையும் எண்ணினால் 8. இந்த அளவுள்ள எண்களுக்கு வெவ்வேறு பகாக்காரணிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் மூன்றை ஒட்டியே இருக்கும் என்பது ஹார்டியும் ராமானுஜனும் 1917-இல் காட்டியதிலிருந்து கிடைக்கிறது. அந்த வகையில் இது சற்றே வளமான எண். பகாக்காரணிகளை ஒருமுறை மட்டும் பெருக்கினால் 6,73,374.

தன்னைவிடச் சிறிய ஒவ்வோர் எண்ணையும் தன் வெவ்வேறு வகுத்திகளின் கூட்டலாகத் தர முடிந்தால், அந்த எண்ணுக்கு நடைமுறை எண் என்று பெயர். ஏ. கே. சீனிவாசன் 1948-இல் வைத்த பெயர் அது. சோதிக்க, பகா எண்களை ஏறுவரிசையில் வைத்து, ஒவ்வொன்றும் அதுவரை வந்த பகுதியின் வகுத்திக் கூட்டலோடு 1 சேர்த்ததை மீறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். 3 ≤ 16, 13 ≤ 196, 89 ≤ 2731. 97-க்கு எல்லை இன்னும் எங்கோ மேலே. தேறிவிட்டது.

இலக்கங்களைச் சார்ந்த பண்புகளைத் தனிப் பட்டியலாக வையுங்கள். அவை எண்ணின் பண்புகள் அல்ல, பத்தடிமானத்தில் நாம் அதை எழுதும் விதத்தின் பண்புகள். இலக்கக் கூட்டல் 36, அது எண்ணை வகுக்கிறது, ஆகவே கப்ரேகர் பெயரிட்ட ஹர்ஷத் எண். பகாக்காரணிகளின் இலக்கக் கூட்டலோ 49; இரண்டும் சமமாக இருந்தால்தான் ஸ்மித் எண், எனவே இது ஸ்மித் எண் அல்ல. இரும வடிவம் 11110110100110001101000: 23 இலக்கம், அதில் பன்னிரண்டு 1. இறுதியில் நிற்கும் மூன்று பூச்சியங்கள் 2³-ஐ மறுபடி உறுதிப்படுத்துகின்றன.

இருபது இலக்கத்தைத் தாண்டினால்

கைக்கணக்கு இனி எடுபடாது, கணினிதான். முதல் ஆபத்து மென்பொருளிலேயே இருக்கிறது. எக்செல் போன்ற விரிதாள்கள் 15 இலக்கத்துக்கு மேல் உள்ளவற்றைப் பூச்சியமாக்கிவிடும். கணினியின் வழக்கமான மிதவைப் புள்ளி (float) எண் வகையில் 9007199254740993-ஐ அப்படியே சேமிக்கவே முடியாது. பைத்தானில் முழு எண்ணுக்கு அளவு வரம்பு இல்லை. ஆனால் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் விடை தசமமாகிக் கடைசி இலக்கங்கள் தொலைந்துவிடும். இரட்டைச் சாய்கோட்டையும் முழு எண் வர்க்கமூலச் செயலையும் மட்டுமே பயன்படுத்துங்கள். லினக்ஸில் ‘ஃபேக்டர்’ கட்டளையும், பாரி/ஜிபி நிரலும் இந்த வேலைக்கு நம்பகமானவை.

மிச்சம் பகா எண்ணா என்பதை ஃபெர்மா சோதனையோடு (ஓர் அடியை, எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, எண்ணால் வகுக்க மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) முடித்துவிடாதீர்கள். 341-ஐப் பாருங்கள்: 2¹⁰ = 1024 = 3 × 341 + 1, ஆகவே 2³⁴⁰-உம் மீதி 1 தரும்; ஆனால் 341 = 11 × 31. 561 இன்னும் மோசம், தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடியை வைத்தாலும் தேறிவிடும். அதைவிடக் கடுமையான மில்லர்-ராபின் சோதனையை 2 முதல் 37 வரையுள்ள பன்னிரண்டு பகா எண்களை அடியாக வைத்து ஓட்டினால், 64 பிட்டுக்குள் அடங்கும் எந்த எண்ணுக்கும் விடை உறுதியானது. 2-ஐ மட்டும் வைத்தால் 2047 = 23 × 89 நழுவிவிடும்.

பகு எண் என்று தெரிந்துவிட்டால் போலார்டின் ரோ முறை (1975) அடுத்த படி. அதற்கு ஆகும் படிகள் மிகச் சிறிய காரணியின் வர்க்கமூலத்தை ஒட்டியவை. காரணி இருபது இலக்கத்தைத் தாண்டினால் நீள்வட்ட வளைகோட்டு முறைக்கு மாறுங்கள். இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கலாக, நூறு இலக்கத்துக்கு மேல் உள்ளவற்றுக்கு எண் புலச் சல்லடைதான். 250 இலக்கம் கொண்ட சவால் எண்ணான ஆர்எஸ்ஏ-250 அந்த வழியில்தான் 2020-இல் பிரிக்கப்பட்டது.

எதிலும் உடையாமல் பகு எண் ஒன்று மிச்சம் நின்றால், “பகு எண், காரணி தெரியாது” என்று குறித்துவிட்டு, தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். இரும வடிவம், இலக்கக் கூட்டல், முழு வர்க்கமா இல்லையா என்பவற்றைக் காரணி இல்லாமலே சொல்லலாம். வகுத்திகளின் எண்ணிக்கையையும் ஃபையையும் ஊகித்து எழுதாதீர்கள். இரண்டு பகா எண்களின் பெருக்கலுக்கு ஃபை தெரிவதும் காரணி தெரிவதும் ஒன்றேதான். 8633-இன் ஃபை 8448 என்று யாராவது சொல்லிவிட்டால், 8633 − 8448 + 1 = 186 என்பது இரண்டு காரணிகளின் கூட்டல்; 186² − 4 × 8633 = 64, அதன் வர்க்கமூலம் 8 அவற்றின் வித்தியாசம்; இரண்டையும் கூட்டியும் கழித்தும் பாதியாக்கினால் 97-உம் 89-உம்.